வந்தார்கள் என்று வாசிக்காதே

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. கட்டுவதாக இருந்தால் ஓர் அமாவாசையையும் ஊளையிடும் நாயையும் சேர்த்திருக்கலாம். நடந்ததோ பட்டப்பகலில். பொங்கல் முடிந்த மறுவாரம், வியாழக்கிழமை, மண்டை பிளக்கிற வெயிலில். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்றைக்கும் காரைக்குடியில்தான் இருக்கிறார்கள். கதிரவனிடம் கேட்டால் சொல்வான். சத்தியப்பிரியாவிடம் மட்டும் கேட்க வேண்டாம். எழுந்து போய்விடுவாள்.

சத்தியப்பிரியாவின் சொந்த ஊர் கல்லல் பக்கம். விவசாயக் குடும்பம். காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தாள். பள்ளியை மூடிவிட்டார்கள். குரல் நன்றாக இருந்ததால் விளம்பரம் பேசப் போனாள். பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் துணிக்கடை விளம்பரத்திலோ, கொசு ஒழிப்பு அறிவிப்பிலோ அவள் குரலைக் கேட்கலாம்.

கதிரவனுக்கு அவளைவிட ஆறு வயது குறைவு. பழைய பெரிய வீடு ஒன்றின் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தான். வீட்டுக்காரர்கள் மலேசியாவில். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம். கதவைச் சாத்திவிட்டால் உலகம் இல்லை. அவன் இந்தப் பக்கம் கணினியோடு உட்காருவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் மைக்கும் அவளும்.

அன்றைக்கு வந்திருந்த வேலை அமெரிக்காவிலிருந்து.

வர்ஜீனியா மாகாணத்தில் ஆற்றங்கரையில் ஒரு பண்ணை வீடு. முந்நூறு வருடப் பழசு. இப்போது அருங்காட்சியகம். பார்க்க வருகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போவார்கள். விடுமுறைக்கு நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வருவதால் தமிழிலும் வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அங்கே வேலை பார்க்கிற மீனலோசனி என்ற பெண்தான் தமிழ் வாசகத்தை எழுதி அனுப்பியிருந்தாள். கோயம்புத்தூரில் பிறந்து, படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவள்.

சத்தியப்பிரியா காலையில் எழுந்ததும் வாசகத்தைப் படித்தாள். முதல் பக்கத்திலேயே அவளுக்குச் சுருக்கென்றது.

‘ஜெர்மானியர்கள், அயர்லாந்துக்காரர்கள், ஆப்பிரிக்கர்கள், கிழக்கிந்தியர்கள் எனப் பல நாட்டவரும் புது வாழ்வைத் தேடி இந்த மண்ணுக்கு வந்தார்கள்.’

ஆப்பிரிக்கர்களுமா? சங்கிலியில் கட்டிக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கிக் கொண்டுபோனவர்கள் புது வாழ்வையா தேடினார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால்கூட அவள் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பாள்.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். பண்ணை வீட்டின் சமையல்கட்டைப் பற்றியது.

‘இங்கே வேலை செய்தவள் பெக். அப்போது கிழக்கிந்தியா எனப்பட்ட நம் நாட்டிலிருந்து கப்பல் தலைவரோடு வந்தவள். எஜமானர் குடும்பத்தை நாற்பது ஆண்டுகள் அன்போடு கவனித்துக்கொண்டாள். தமிழ் மண்ணிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த முதல் பெண் இவளாகக்கூட இருக்கலாம். நமக்கெல்லாம் பெருமை!’

அவள் அப்போதே மீனலோசனிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். அந்தக் காலத்தில் இங்கேயிருந்து வேலைக்காரர்களாகக் கொண்டுபோனவர்களைச் சில வருடம் என்று சொல்லி, பிறகு விடாமல் அடிமையாகவே வைத்துக்கொண்டதைத் தான் படித்திருப்பதாகச் சொன்னாள். இந்த இரண்டு இடங்களையும் மாற்ற வேண்டும் என்றாள்.

உடனே பதில் வந்தது.

“குழந்தைகளைக் கூட்டிட்டு லீவுக்கு வர்றாங்க சத்யா. கனமா வேண்டாம். நம்ம ஆளுங்க முந்நூறு வருஷம் முன்னாடியே இங்க வந்துட்டாங்கன்னா சந்தோஷம்தானே? இருக்கிறதை அப்படியே வாசிச்சிடுங்க.”

அவளுக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் தம்பி பாண்டிமுருகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லி, கல்லலைச் சேர்ந்த ஏஜெண்ட் சத்தியமூர்த்திதான் அனுப்பிவைத்தார். நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். முந்தின நாள் ராத்திரி போன் செய்த தம்பி, பேச்சில்லாமல் மூச்சுவிடுகிற சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு வைத்துவிட்டான். ஏஜெண்டைப் போய்க் கேட்கலாம் என்றால் அம்மா அம்மாக்கண்ணு விடவில்லை. அந்த ஆளைப் பகைத்துக்கொண்டால் அங்கே பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம்.

அந்தக் கொதிப்போடுதான் மத்தியானம் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்தாள். கதிரவன் கட்டைவிரலைக் காட்டினான். பிறகு போட்டுக் கேட்டான். அவன் முகம் மாறியது.

“ஏக்கா, வார்த்தைய ஏன் மாத்துறீக?”

அவள் மாற்றவில்லை. அவன் திரும்பவும் போட்டுக் காட்டினான். அவள் குரல்தான். அதே நிதானம். அதே ஏற்ற இறக்கம். ‘...பல நாட்டவரும் புது வாழ்வைத் தேடி இந்த மண்ணுக்கு’ என்பதுவரை சரியாக வந்தது. அதற்குப் பிறகு...

‘கொண்டாந்தாக.’

கோபத்தில் வாய் தவறியிருக்கும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். மறுபடி வாசித்தாள். இந்தமுறை கதிரவன் கணினியைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘வந்தார்கள்’ என்றுதான் உதடு அசைந்தது. அவன் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

போட்டுக் கேட்டார்கள்.

‘கொண்டாந்தாக.’

இப்போது அந்த ஒரு வார்த்தையில் மட்டும் குரல் அவளுடையதாக இல்லை. கரகரவென்று, தொண்டையில் புகை அடைத்த மாதிரி ஒரு பொம்பளைக் குரல்.

கதிரவன் வயர்களைக் கழற்றி மாட்டினான். கணினியை அணைத்துப் போட்டான். பக்கத்துக் கடைப் பேச்சு ஏதாவது கலந்திருக்கும் என்றான். அவன் சொன்னதை அவனே நம்பவில்லை. ஒரு முழச் சுவருக்குள் எந்தக் கடைப் பேச்சு வரும்? அந்தப் பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சமையல்கட்டுப் பகுதியை வாசியுங்கள் என்றான்.

அவள் ஹெட்போனை மாட்டினாள்.

“இங்கே வேலை செய்தவள் பெக்...”

நிறுத்தினாள். ஹெட்போனுக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

கதிரவன் என்ன என்று கையால் கேட்டான். அவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

“இங்கே வேலை செய்தவள்...”

வாசம் வந்தது. விறகுப் புகை. கூடவே கொழுப்பு தீய்கிற நாற்றம். அந்த வீட்டில் யாரும் சமைப்பதில்லை. அடுப்பே இல்லை. கதிரவனுக்கும் அந்த நாற்றம் அடித்தது. எழுந்து பிளக் பாயிண்டுகளையெல்லாம் முகர்ந்து பார்த்தான். எங்கேயும் எதுவும் கருகவில்லை.

உட்காரத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

சத்தியப்பிரியா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் திரையில் ஒலி அலை ஓடிக்கொண்டிருந்தது. மேலே... கீழே... மேலே... கீழே... யாரோ பேசுகிற மாதிரி.

ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது.

டக். டக். டக். செங்கல்லின் மேல் குதிகாலால் தட்டுகிற சத்தம். மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில்...

“வாசிடீ.”

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

“வாசி. வாசிச்சுப் பாரு.”

அது இப்போது அறையில் கேட்டது. மூலையிலிருந்து இல்லை. கூரையிலிருந்து இல்லை.

அவள் வாயிலிருந்து.

கதிரவன் கதவை இழுத்தான். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லாத கதவு. திறக்கவில்லை. கைப்பிடி சுட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நின்றாள். நிற்கிற விதமே வேறாக இருந்தது. கால்களை அகட்டி, முதுகு வளைந்து, கை இரண்டும் முன்னால் ஏதோ கனமான பாத்திரத்தைத் தூக்கியிருப்பதுபோல.

பேசினாள்.

அன்றைக்கு அவள் பேசியதை அவன் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டான். ஒரு வார்த்தை மாறாது.

“பெக்காம். எவன் வச்ச பேரு அது? எம் பேரு முத்திருளாயி. தொண்டிக்கு வடக்க எங்க ஊரு. பஞ்சத்துல ஆத்தாளும் அப்பனும் போயிட்டாக. கஞ்சி ஊத்துறோம்னு சொல்லி எங்களத் தோணியில ஏத்துனாக. எனக்குப் பதிமூணு வயசு. எந்தம்பி சின்னக்கருப்பனுக்கு ஏழு. ஒரு கப்பல்ல சீமைக்குக் கொண்டு போனாக. இன்னொரு கப்பல்ல அந்தக் காட்டுக்குக் கொண்டு போனாக. ஏழு வருசம் வேல பாரு, எட்டாவது வருசம் ஊருக்கு அனுப்புறோம்னாக.

“மூணாவது வருசக் குளுருல எந்தம்பி காய்ச்சல்ல விழுந்தான். ஒரு நா, ஒரே ஒரு நா அவன் பக்கத்துல உக்காந்துக்கிறேன்னு கேட்டேன். அடுப்பு அணையக் கூடாதுன்னாக. நான் ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கையிலயே அவன் போயிட்டான். வெளிய மண்ணு கல்லாட்டம் உறைஞ்சு கெடந்துச்சு. தோண்ட முடியல. அடுப்படியில மட்டுந்தேன் சூட்டுக்கு மண்ணு இளகியிருந்துச்சு. அங்கனயே தோண்டிப் போட்டுச் செங்கல்லப் பாவிட்டாக. மறுநா விடியக்காலம் அது மேலயே நின்னு சமைக்கச் சொன்னாக. சமைச்சேன். நான் சாகுற வரைக்கும், எந்தம்பி நெஞ்சு மேல நின்னு அவுகளுக்குச் சமைச்சேன்.

“எட்டாவது வருசம் பெரிய மனுசங்க முன்னால போயி நின்னேன். யாருன்னு கேட்டாக. சொன்னேன். எந்த ஊருன்னு கேட்டாக. சொன்னேன். அப்படி ஒரு ஊரே கெடையாதுன்னுட்டாக. நீ கறுப்பு, அதனால அடிமைன்னுட்டாக. செத்தப்பவும் தம்பிகூடப் போடல. ஆத்தோரத்துல கொண்டு போயித் தள்ளுனாக. அவன் அங்குட்டு, நான் இங்குட்டு.

“இப்ப எங்க ஊருத் தண்ணியக் குடிச்சவளே உக்காந்து வாசிக்கிறா. அன்போட கவனிச்சேனாம். பெருமையாம்.”

திரையில் அலை மட்டும் ஓடியது.

பிறகு தாழ்ந்த குரலில்...

“நான் அவனக் கூட்டிக்கிட்டு வரணும்.”

கதவு தானாகத் திறந்தது.

சத்தியப்பிரியா தரையில் கிடந்தாள். உதட்டோரம் ரத்தம். கதிரவன் தண்ணீர் தெளித்தான். கண் விழித்தவளுக்குச் செங்கல் சத்தம்வரைதான் ஞாபகம் இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். அவள் மைக் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

பதிவு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவன் அதை அழிக்கப் போனான். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். போடச் சொன்னாள். தன் வாயிலிருந்து வந்த அந்தக் குரலை முழுவதும் கேட்டாள். அழவில்லை. அவள் பயந்தமாதிரியும் இல்லை என்கிறான் கதிரவன். முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனதாம்.

“இதத்தான் அனுப்பணும்,” என்றாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அவன் தயங்கினான். இந்த வேலை போய்விடும், அடுத்த வேலையும் வராது என்றான். அவளே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல்லல் பேருந்தில் ஏறினாள்.

ஏஜெண்ட் சத்தியமூர்த்தி சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல அடுத்த மாசம் என்று தொடங்கினார். அவள் நிலைப்படியில் கையை ஊன்றி, குரல் வராத தொண்டையால் கேட்டாள்.

“ரெண்டு வருசம்னு சொல்லித்தானே கூட்டிக்கிட்டுப் போனீக?”

அவர் ஒப்பந்தம், கம்பெனி விதி என்று ஏதேதோ சொன்னார். அவள் அசையவில்லை. அதையே திரும்பக் கேட்டாள். மறுபடியும். மறுபடியும். தெருவில் ஆட்கள் கூடினார்கள். அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. கதவு கையை நசுக்கியது. அப்போதும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர்தான் கடைசியில் சத்தியமூர்த்தியைப் பிடித்து வெளியே இழுத்தார். கூட்டத்துக்கு நடுவில் நின்று, தம்பியை அனுப்பிவைக்கச் சொல்லி ஏஜெண்ட் கம்பெனிக்கு போன் செய்தார்.

அதோடு அவள் விடவில்லை. மறுநாள் கை வீக்கத்தோடு சிவகங்கை போய்க் கலெக்டர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அம்மா தடுத்தபோது, நீ பயந்து பயந்துதான் அவன் நாலு வருசமாக் கெடக்கான் என்று சொல்லிவிட்டுப் போனாள். பங்குனியில் பாண்டிமுருகன் வந்து சேர்ந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். ஆனால் வந்துவிட்டான்.

தம்பி வந்து சேர்வதற்கு முன்பு, பதிவு அனுப்பி ஒன்பது நாள் கழித்து, மீனலோசனியிடமிருந்து அழைப்பு வந்தது.

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கதிரவன் ஸ்பீக்கரில் போட்டான். சத்தியப்பிரியாவும் பக்கத்தில் இருந்தாள். மீனலோசனி, அந்தப் பதிவில் பேசியது யார் என்று கேட்டாள். தெரியாது என்றாள் சத்தியப்பிரியா.

“அடுப்படி பத்தி உங்களுக்கு யார் சொன்னா சத்யா?”

அதற்கும் அதே பதில்தான்.

மீனலோசனி சொல்லத் தொடங்கினாள்.

பதிவு போய்ச் சேர்ந்தபோது அங்கே விடிய நெடுநேரம் இருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் காவலாளி போன் செய்து எழுப்பினார். சமையல்கட்டின் கதவு திறந்து கிடக்கிறது என்றார். திருட்டு என்று நினைத்து அவள் போலீசுக்குச் சொல்லிவிட்டு ஓடினாள். ஒரு பொருளும் போகவில்லை. ஆனால் அடுப்புக்கு முன்னால் தரையில் பாவியிருந்த செங்கற்கள் பெயர்ந்து கிடந்தன. மேலிருந்து கடப்பாரை போட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. கீழேயிருந்து யாரோ முதுகைக் கொடுத்துத் தள்ளியதுபோல நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தன.

அதன் அடியில் ஒரு குழி. பத்து வயதுப் பிள்ளையைப் படுக்கவைக்கிற நீளம். தோண்டி ஆராய்கிறவர்களை வரவழைத்தார்கள். உடல் ஒன்று நெடுங்காலம் கிடந்த அடையாளம் மண்ணில் தெளிவாக இருக்கிறது, தலை வைத்த பள்ளம்கூடத் தெரிகிறது என்றார்கள். எலும்பு ஒன்றுகூட இல்லை.

“அதெல்லாம் முடிஞ்சு சாயங்காலம்தான் நீங்க அனுப்பினதைத் திறந்து கேட்டேன்,” என்றாள் மீனலோசனி. அந்த வாசகத்தை முழுவதும் நீக்கிவிட்டதாகவும் சொன்னாள். அவளும் அந்த வேலையிலிருந்து விலகிவிட்டாளாம். அந்தச் சமையல்கட்டுக்குள் தன்னால் இனிமேல் கால்வைக்க முடியாது என்றாள்.

பிறகு, சொல்லலாமா என்று தயங்கி, இன்னொன்றையும் சொன்னாள். போலீஸ்காரர்கள் அன்று காலையில் எடுத்த படங்களில் இருந்ததாம்.

முந்தின ராத்திரி அங்கே பனி கொட்டியிருந்தது. நடுராத்திரியோடு நின்றுவிட்டது. காலையில் வெள்ளைத் துணி விரித்தமாதிரி கிடந்த பனியில் வெறுங்கால் தடங்கள். ஆற்றங்கரையிலிருந்து சமையல்கட்டு வாசல்வரை வந்தது ஒருத்தருடைய தடம். வாசலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பிப் போனது இரண்டு பேருடையது. ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

சில இடங்களில் சின்னத் தடம் இல்லை. அங்கேயெல்லாம் பெரிய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.